மனு போய்ச் சேரும் இடம்

போலீஸ் அடித்துவிட்டது என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது ஏ.ஆர். காப்பியைத்தான். அரசு ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டில், அந்த நேரத்தில் டியூட்டியில் இருக்கும் டாக்டர் எழுதும் ஒரு பக்கக் குறிப்பு அது. எத்தனை மணிக்கு வந்தார், யார் கூட்டி வந்தார்கள், எப்படி அடிபட்டதாகச் சொன்னார், உடம்பில் எங்கெங்கே என்ன காயம். அவ்வளவுதான் இருக்கும். ஆனால் சென்னையில் ஒரு காவலர் மீது கொடுத்த புகார் நிற்குமா, நிற்காதா என்பதைப் பெரும்பாலும் அந்த ஒரு தாள் முடிவு செய்துவிடுகிறது. பிறகு நாங்கள் எழுதும் நீண்ட மனுக்களெல்லாம் அதன் மேல் கட்டப்படுகிறவைதான்.

அந்தத் தாளை வாங்குவது லேசான காரியமில்லை. இரவு முழுக்க ஸ்டேஷனில் வைத்து அடித்துவிட்டு, கைது என்று எதிலும் காட்டாமல், வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு விடியற்காலையில் அனுப்பிவிடுவார்கள். பையன் வீட்டுக்கு வந்து சுருண்டு படுத்துவிடுவான். வெளியே சொல்லப் பயம். இரண்டு மூன்று நாள் போய், வீக்கம் வடிந்த பிறகு, யாரோ சொல்லி என்னிடம் வருவார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் "போலீஸ் மெமோ இருக்கா?" என்று கேட்பார்கள். அடித்த ஸ்டேஷனுக்கே போய் மெமோ வாங்கி வா என்றுதான் அதற்கு அர்த்தம். போலீஸ் நடைமுறைக்காகக் காத்திருந்து சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது என்று பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பின் நகலைப் பையில் வைத்துக்கொண்டு கேஷுவாலிட்டி வாசலில் நான் டாக்டர்களோடு பேசி நின்ற இரவுகள் உண்டு. பாதி டாக்டர்கள் நகலைப் பார்க்காமலேயே எழுதித் தந்துவிடுவார்கள். அவர்களுக்கும் விஷயம் தெரியும். யாராவது பக்கத்தில் நின்று கேட்டால் போதும்.

நான் தம்பு செட்டித் தெருவில் ஒரு சீனியரிடம் ஜூனியராகச் சேர்ந்து தொழில் பழகியவள். கிரிமினல் வழக்குகள்தான் அவருக்கு. வியாசர்பாடி, புளியந்தோப்பு, காசிமேடு பக்கத்திலிருந்து வரும் தாய்மார்கள் மாடிப்படியிலேயே உட்கார்ந்திருப்பார்கள். சீனியர் ஒரு பழக்கம் வைத்திருந்தார். யார் வந்தாலும், அவர்கள் சொல்வதை அவர்கள் பேச்சிலேயே, தேதி போட்டு, அன்றைக்கே எழுதி வாங்கிவிட வேண்டும். "நாளைக்கு எழுதிக்கலாம்னு விட்டா, நாளைக்கு வர்றவங்க வேற ஆளா இருப்பாங்கம்மா" என்பார். ஒரே இரவில் எத்தனை பேர் வீடு தேடி வந்து சமாதானம் பேசுவார்கள் என்று அவருக்குத் தெரியும். கவுன்சிலரின் ஆள் வருவார், ஏரியாப் பெரியவர் வருவார், சில சமயம் ஏட்டய்யாவே மஃப்டியில் வருவார்.

ஒரு அம்மா நினைவுக்கு வருகிறார். மகன் ஆட்டோ ஷெட்டில் வேலை செய்தவன். செல்போன் பறிப்பு ஒன்றில் சந்தேகப்பட்டு க்ரைம் டீம்காரர்கள் தூக்கிப் போய் இரண்டு இரவு வைத்திருந்தார்கள். போன் வேறு யாரிடமோ கிடைத்ததும் விட்டுவிட்டார்கள். உள்ளங்காலில் அடித்திருந்ததால் அவனால் தரையில் கால் ஊன்ற முடியவில்லை. அந்த அம்மா எழுதப் படிக்கத் தெரிந்த பெண் ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு, போலீஸ் மேலதிகாரி ஒருவரின் அலுவலகத்தில் மனு கொடுத்து ரசீது வாங்கி வந்திருந்தார். ரசீதைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு ரேஷன் கார்டோடு வைத்திருந்தார். பெரிய அதிகாரி பார்த்துவிட்டார், இனி நடவடிக்கை வரும் என்ற நம்பிக்கை.

சில வாரம் கழித்து எனக்குப் போன் வந்தது. "வக்கீலம்மா, அந்த ஸ்டேஷன்லேருந்தே கூப்பிடுறாங்கம்மா. மனு மேல விசாரணையாம். பையனையும் இட்டுக்கினு வரச் சொல்றாங்க. நான் இன்னா பண்ணட்டும்?"

அந்த மனு எப்படிப் போயிருக்கும் என்பது இந்த வேலையில் இருப்பவர்களுக்கு மனப்பாடம். மேலே கொடுத்த மனு இணை ஆணையருக்குப் போகும், அங்கிருந்து துணை ஆணையருக்கு, அங்கிருந்து உதவி ஆணையருக்கு, கடைசியில் "விசாரித்து அறிக்கை அனுப்பவும்" என்ற குறிப்போடு எல்லைக்குட்பட்ட இன்ஸ்பெக்டரின் மேஜைக்கு. யார் மீது புகாரோ அவர்தான் அந்த இன்ஸ்பெக்டர், அல்லது அவர் அறைக்கு அடுத்த அறையில் உட்கார்ந்திருக்கும் எஸ்.ஐ. மனுதாரரை நேரில் அழைத்து விசாரித்ததாகவும், புகாரில் உண்மை இல்லை என்று தெரியவந்ததாகவும், மேல் நடவடிக்கை தேவையில்லை என மனுதாரரே எழுதிக் கொடுத்ததாகவும் ஓர் அறிக்கை தயாராகும். அது வந்த வழியே மேலே ஏறிப் போய் மனு முடிந்துவிடும். ஒவ்வொரு மேஜையிலும் கையெழுத்து இருக்கும். எந்த மேஜையிலும் அந்தப் பையனின் கால் இருக்காது.

இதில் எல்லா அதிகாரிக்கும் கெட்ட எண்ணம் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. நாள்தோறும் வந்து குவியும் மனுக்களை எல்லைப்படி பிரித்துக் கீழே அனுப்பும் முறையே அப்படி. நிலத் தகராறு மனுவையும் காணாமல் போனவர் மனுவையும் அனுப்பும் அதே வழியில் காவலர் மீதான புகாரும் போகிறது. புகார் எங்கே போய்ச் சேர்கிறது என்பதைப் பற்றி யாரும் கவலைப்படாத வரைக்கும், மேலே எவ்வளவு நேர்மையான அதிகாரி உட்கார்ந்திருந்தாலும் பயனில்லை என்பதை நான் தொழிலின் தொடக்கத்திலேயே கற்றுக்கொண்டேன்.

இந்த வியாதி எவ்வளவு பழையது என்பது எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. 1854-ல் சென்னை ராஜதானியில் வரி வசூலுக்காகக் குடியானவர்களைச் சித்திரவதை செய்வது பற்றி லண்டன் நாடாளுமன்றத்தில் பேச்சு எழுந்தது. கஜுலு லட்சுமிநரசு செட்டியும் அவருடைய சென்னைச் சுதேசி சங்கமும் விடாமல் எழுப்பிய பிரச்சினை அது. கம்பெனி அரசாங்கம் மூன்று பேரைக் கொண்ட கமிஷன் போட்டது: எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன். 1855-ல் அறிக்கை வந்தது. கிட்டி போட்டு விரலை நெரிப்பது, அண்ணாந்தாள் கட்டி வெயிலில் நிறுத்துவது என்று அதில் பெயர் பெயராக இருக்கிறது. அந்தச் சொற்களை ஆங்கில எழுத்தில் படித்தபோது என் கையிலிருந்த பென்சில் நின்றுவிட்டது. நூற்றுக்கணக்கான மைல் நடந்து வந்து சாட்சி சொன்னவர்கள் இருந்தார்கள். அவர்களுடைய பெரிய குறைகளில் ஒன்று எது தெரியுமா? கலெக்டரிடம் மனு கொடுத்தால் அது அறிக்கை கேட்டுத் தாசில்தாரிடமே திரும்பி வருகிறது என்பது. அந்தக் காலத்தில் வரி வசூலும் போலீஸ் அதிகாரமும் தாசில்தார் ஒருவர் கையிலேயே இருந்தன. அடித்தவனிடமே அறிக்கை கேட்டார்கள்.

அந்த அறிக்கைக்குப் பிறகுதான் வருவாய்த் துறையிலிருந்து போலீஸைப் பிரித்து 1859-ல் மதராஸ் மாவட்டக் காவல் சட்டம் வந்தது. இந்தியா முழுமைக்குமான 1861 சட்டத்துக்கு முன்னோடி அதுதான். தமிழ்நாட்டில் இன்றைக்கும் மாவட்டங்களில் 1859 சட்டமும் சென்னை நகரத்தில் 1888-ன் நகரக் காவல் சட்டமும்தான் அடித்தளம். சித்திரவதை பற்றிய விசாரணையின் பின்னணியில் பிறந்த காவல் துறை நம்முடையது. அந்தப் பிறப்பை நாம் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுப்பதில்லை. காவலர் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நான் பலமுறை நினைத்திருக்கிறேன்.

துறையைப் பிரித்தார்களே ஒழிய, குறை கேட்பவரைப் பிரிக்கவில்லை. அதற்கு உத்தரவு வரவே ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டு ஆயிற்று. நெருக்கடி நிலைக்குப் பிறகு 1977-ல் அமைத்த தேசியக் காவல் ஆணையம் தன் முதல் அறிக்கையிலேயே காவலர்களின் வாழ்க்கை நிலையையும், காவலர்கள் மீதான புகாரை விசாரிக்கும் முறையையும் சேர்த்தே பேசியது. அறிக்கைகள் அலமாரியில் கிடந்தன. உத்தரப் பிரதேசத்திலும் அசாமிலும் காவல் துறைத் தலைவராக இருந்து ஓய்வு பெற்ற பிரகாஷ் சிங் 1996-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். பத்தாண்டு கழித்து, 2006 செப்டம்பர் 22 அன்று தீர்ப்பு. ஏழு கட்டளைகள். அவற்றில் ஒன்று என் தொழிலையே மாற்றியிருக்க வேண்டும்: ஒவ்வொரு மாநிலத்திலும் மாவட்டத்திலும் காவல் புகார் ஆணையம். மாநிலத்துக்கு ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற அல்லது உச்ச நீதிமன்ற நீதிபதி தலைவர். மாவட்டத்துக்கு ஓய்வு பெற்ற மாவட்ட நீதிபதி. அவர்கள் சொல்லும் நடவடிக்கை அரசைக் கட்டுப்படுத்தும்.

அந்தத் தீர்ப்பு வந்த நாளில் சீனியர் எங்களுக்குக் காபி வாங்கிக் கொடுத்தார். "இனிமே மனுவுக்கு ஒரு விலாசம் கிடைச்சுடும்" என்றார்.

தமிழ்நாட்டில் அதற்கான சட்டம் 2013-ல் வந்தது. படித்துப் பார்த்தபோது மனம் விட்டுப்போயிற்று. மாநில ஆணையத்துக்குத் தலைவர் உள்துறைச் செயலர், உறுப்பினர்கள் டி.ஜி.பி.யும் சட்டம் ஒழுங்கு கூடுதல் டி.ஜி.பி.யும். மாவட்டத்தில் கலெக்டர் தலைவர், எஸ்.பி.யும் கூடுதல் எஸ்.பி.யும் உறுப்பினர்கள். நீதிபதி எங்குமே இல்லை. எந்தத் துறை மீது புகாரோ அந்தத் துறையின் செயலரும் தலைவரும் கூடி உட்கார்ந்து விசாரிப்பார்கள். 1854-ல் தாசில்தாரிடம் திரும்பிப்போன மனுவுக்கு மேலே கூரை போட்டு பெயர்ப்பலகை மாட்டியதைத் தவிர இதில் என்ன நடந்திருக்கிறது? பக்கத்தில் கேரளத்தில் 2011 காவல் சட்டப்படி மாநில ஆணையத்துக்கு ஓய்வு பெற்ற நீதிபதிதான் தலைவர். அங்கே முடிந்தது இங்கே முடியாமல் போவதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை. தமிழ்நாட்டின் இந்த அமைப்பு முறையை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் வழக்குகள் போடப்பட்டன. நாங்களும் வாதங்களுக்குக் குறிப்பு எடுத்துக் கொடுத்தோம்.

அதனால் எங்களுக்குக் கைகொடுத்தது மாநில மனித உரிமை ஆணையம்தான். 1993 சட்டப்படி 1997-ல் இங்கே அமைந்தது. ஒரு நல்ல விஷயம், கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமலும் போகலாம். ஒரு கெட்ட விஷயம், சம்பவம் நடந்து ஓராண்டு தாண்டினால் எடுக்க மாட்டார்கள். பயம் தெளிவதற்கே சிலருக்கு ஓராண்டு ஆகிவிடுகிறது. ஆணையம் இழப்பீடு தரச் சொல்லும், அதை அதிகாரியின் சம்பளத்தில் பிடிக்கச் சொல்லும், துறை நடவடிக்கை எடுக்கச் சொல்லும். இதெல்லாம் வெறும் பரிந்துரை, கட்டுப்படுத்தாது என்று அரசுத் தரப்பு நெடுங்காலம் வாதாடி வந்தது. 2021 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு, கட்டுப்படுத்தும் என்று தீர்ப்புச் சொன்னது. அன்றைக்கு எங்கள் பக்கத்தில் பலர் கண் கலங்கினார்கள். மிகையாகச் சொல்லவில்லை. பத்துப் பதினைந்து ஆண்டு பழைய உத்தரவுகளைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு ரூபாயும் பார்க்காமல் இருந்த குடும்பங்கள் எங்களுக்குத் தெரியும்.

ஆனாலும் அங்கேயும் அதே முடிச்சு இருக்கிறது. அந்த 1993 சட்டத்தின் 27-வது பிரிவு, ஆணையத்தின் விசாரணைப் பிரிவுக்கு ஐ.ஜி. தகுதிக்குக் குறையாத ஓர் அதிகாரியின் கீழ் போலீஸ் ஆட்களை அரசு தர வேண்டும் என்கிறது. அதாவது அயற்பணியில் வருகிற காவலர்கள். அவர்கள் நாளைக்குத் துறைக்கே திரும்பிப் போக வேண்டியவர்கள். பதவி உயர்வும் இடமாற்றமும் அங்கேதான். இதில் நேர்மையாக வேலை செய்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்; அவர்களை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் ஒருவருடைய தனிப்பட்ட தைரியத்தை நம்பி ஒரு கண்காணிப்பு முறையை அமைக்கக் கூடாது.

இவ்வளவுக்கும் நடுவே ஒரு முறை மட்டும், மனு கீழே போகாமல் நீதிமன்றமே ஸ்டேஷனுக்குள் நடந்து போனதை நாடே பார்த்தது. 2020 ஜூன், சாத்தான்குளம். ஊரடங்கு நேரத்தில் செல்போன் கடையைத் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லி ஜெயராஜையும் அவர் மகன் பென்னிக்ஸையும் ஜூன் 19 இரவு ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் ரிமாண்ட். கோவில்பட்டி கிளைச் சிறை. 22-ம் தேதி இரவு மகனும், 23-ம் தேதி அதிகாலை தந்தையும் இறந்தார்கள்.

அந்த வழக்கில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது மரணத்துக்குப் பின் நடந்தது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதிகள் பி.என். பிரகாஷும் பி. புகழேந்தியும் வழக்கைத் தாமாக முன்வந்து எடுத்தார்கள். கோவில்பட்டி ஜுடிசியல் மாஜிஸ்திரேட்டை ஸ்டேஷனுக்கே அனுப்பினார்கள். அவர் கேட்ட பதிவேடுகளை அங்கிருந்த காவலர்கள் தர மறுத்தார்கள். ஒரு காவலர் மாஜிஸ்திரேட்டைப் பார்த்தே ஒருமையில் இழிவாகப் பேசினார். ஹார்ட் டிஸ்கில் இடம் தாராளமாக இருந்தும், அன்றாடம் பதிவு தானாக அழிந்துபோகும்படி சி.சி.டி.வி. செட் பண்ணப்பட்டிருந்தது என்று மாஜிஸ்திரேட் அறிக்கை கொடுத்தார். உயர் நீதிமன்றம் அதற்கு முன் எங்கும் கேட்டறியாத ஓர் உத்தரவு போட்டது: ஸ்டேஷனை வருவாய்த் துறை அதிகாரிகள் தங்கள் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொள்ள வேண்டும், தடயங்களைத் தடய அறிவியல் ஆட்கள் சேகரிக்க வேண்டும். ஜூன் 19 இரவு பணியில் இருந்த பெண் தலைமைக் காவலர், லத்தியிலும் மேஜையிலும் ரத்தம் இருந்தது என்று சாட்சி சொன்னார். 1859-ல் எந்த வருவாய்த் துறையிடமிருந்து போலீஸைப் பிரித்தார்களோ, அதே துறையிடம் ஒரு ஸ்டேஷனை ஒப்படைக்க வேண்டிய நிலை வந்ததை நினைத்துப் பாருங்கள்.

அந்தப் பெண் காவலர் பேசியதற்கும் மாஜிஸ்திரேட் எதிரே உட்கார்ந்திருந்ததற்கும் தொடர்பு உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன். அவருடைய சாட்சியை அவருடைய இன்ஸ்பெக்டரோ டி.எஸ்.பி.யோ பதிவு செய்திருந்தால் என்ன வந்திருக்கும்? துறைக்குள் மனசாட்சி உள்ள காவலர்கள் நிறைய. அவர்கள் பேசுவதற்குத் துறைக்கு வெளியே ஒரு நாற்காலி வேண்டும். வெளியாள் கண்காணிப்பு என்றதும் போலீஸ்காரர்கள் அவமானமாக எடுத்துக்கொள்கிறார்கள். அது காவலர்களுக்கும் பாதுகாப்பு என்பதை அவர்களுக்குப் புரிய வைக்காதது எங்கள் தரப்பின் குறைதான்.

ஓய்வு பெற்ற எஸ்.ஐ. ஒருவர் எங்கள் தெருவிலேயே இருக்கிறார். சாயங்காலம் பூங்காவில் பேசிக்கொண்டிருப்போம். "நாங்க ஏன் அடிக்கிறோம்னு யாருமே கேக்கறதில்ல மேடம்" என்று ஒருநாள் ஆரம்பித்தார். "ரெண்டு நாளா பந்தோபஸ்து, தூக்கமில்ல. நடுவுல செயின் அறுப்பு. மூணு நாள்ல ரெக்கவரி காட்டலன்னா மெமோ. கைரேகை ரிசல்ட் வர வாரக்கணக்கு ஆகும். கையில சந்தேகத்துக்கு ஒரு பையன் இருக்கான். வேற என்ன வழின்னு யாராவது எங்களுக்குச் சொல்லிக் குடுத்தாங்களா?" அவர் அதை நியாயப்படுத்தவில்லை; குரலில் வருத்தம் இருந்தது. பிரகாஷ் சிங் தீர்ப்பின் இன்னொரு கட்டளை, புலனாய்வை சட்டம் ஒழுங்கிலிருந்து பிரிக்கச் சொன்னது. காவலர்களுக்கு வார விடுமுறை என்று தமிழ்நாட்டில் அரசாணை வந்தது 2021-ல். இதெல்லாம் கண்காணிப்புக்குச் சம்பந்தமில்லாத சலுகைகள் என்று நான் நினைக்கவில்லை. தூங்காத மனிதன் கையில் சந்தேகப்பட்டவனை ஒப்படைப்பதும் ஒரு கொடுமைதான், இரண்டு பேருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பத்திரிகையில் மாவுக்கட்டுப் படம் வரும்போது நம்மில் எத்தனை பேர் கைதட்டுகிறோம்? பிடிபட்டவர்கள் எல்லோரும் பாத்ரூமில் வழுக்கி விழுகிறார்கள். எல்லோருக்கும் அதே வலது கை முறிகிறது. இதை மீம் போட்டுப் பரப்புகிறார்கள். அந்தப் படத்தைப் பார்த்து மகிழ்கிற ஒவ்வொருவரும், அடுத்த தெருவில் ஆள் மாறிப் பிடிபட்ட ஆட்டோ ஷெட் பையனின் உள்ளங்காலுக்கும் சேர்த்து அனுமதி கொடுக்கிறார்கள். மக்கள் ஆதரவு இல்லாமல் எந்தத் துறையும் இத்தனை காலம் இதைச் செய்ய முடியாது. எனக்கு இதில் கோபம் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை.

கேமராவுக்கு வருவோம். பரம்வீர் சிங் சைனி வழக்கில் 2020 டிசம்பர் 2 அன்று உச்ச நீதிமன்றம் மிக விரிவாகவே சொல்லியிருக்கிறது. ஸ்டேஷனின் வாசல், லாக்கப், வராந்தா, இன்ஸ்பெக்டர் அறை, எஸ்.ஐ. அறை எல்லாவற்றிலும் கேமரா, ஒலிப்பதிவோடு, இரவிலும் தெரிகிற மாதிரி. பதிவைப் பதினெட்டு மாதம் வைத்திருக்க வேண்டும்; அந்த வசதி கிடைக்காவிட்டால்கூட ஓராண்டுக்குக் குறையக் கூடாது. பழுதானால் ஸ்டேஷன் பொறுப்பதிகாரி தெரிவிக்க வேண்டும். காவலில் பலத்த காயமோ மரணமோ ஏற்பட்டால், புகாரின் பேரில் மனித உரிமை ஆணையமோ நீதிமன்றமோ பதிவை உடனே வரவழைக்கலாம். மாநிலத்துக்கும் மாவட்டத்துக்கும் மேற்பார்வைக் குழுக்கள்.

தீர்ப்பு வந்ததிலிருந்து எங்கள் ஆபீஸில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். ஆள் வந்த அன்றைக்கே, என்ன நடந்தது என்று முழுதாகக் கேட்பதற்கு முன்பே, தேதியும் மணியும் போட்டு இன்ன கேமராவின் பதிவை அழிக்காமல் வைக்கவும் என்று பதிவுத் தபால், மின்னஞ்சல் இரண்டிலும் அனுப்பிவிடுவோம். ஸ்டேஷனுக்கு, உயரதிகாரிக்கு, மாஜிஸ்திரேட்டுக்கு. வருகிற பதில்களை ஒரு பைலில் சேர்த்திருக்கிறேன். ஹார்ட் டிஸ்க் பழுது, மின்தடை, சர்வீஸுக்குப் போயிருக்கிறது. எல்லாமே, சம்பவம் நடந்த இரவை ஒட்டியே. பதிவு ஸ்டேஷனிலேயே இருக்கும் வரை இந்தப் பதில்கள் வந்துகொண்டுதான் இருக்கும். ஸ்டேஷனில் எழுதப்படும் ஜெனரல் டைரியின் அன்றன்றைய பக்கமும் கேமராப் பதிவும் அன்றன்றைக்கே, காவல் துறையின் கை படாத ஓர் இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். மாவட்ட நீதிபதியின் பொறுப்பில் ஒரு சர்வர் இருந்தால் போதும். புகார் ஆணையத்துக்கு யார் தலைவர் என்பது முக்கியம்தான், ஆனால் நான் அதைவிட இதைப் பெரிதாக நினைக்கிறேன். நல்ல நீதிபதியைத் தலைவராகப் போட்டுவிட்டு, அவர் ஒவ்வொரு தாளையும் புகாருக்குள்ளான இன்ஸ்பெக்டரிடமே கேட்டு வாங்க வேண்டும் என்றால் அவரால் என்ன செய்ய முடியும்?

புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் 175-வது பிரிவின் நான்காவது உட்பிரிவு எங்களுக்கு வழியை இன்னும் குறுக்கியிருக்கிறது. அரசு ஊழியர் தன் பணியின்போது செய்தது பற்றிய புகாரில் மாஜிஸ்திரேட் விசாரணைக்கு உத்தரவிடுவதற்கு முன், அவருடைய மேலதிகாரியிடமிருந்து அறிக்கை பெற வேண்டும். அந்த ஊழியர் தரப்பு விளக்கத்தையும் பார்க்க வேண்டும். மறுபடியும் அறிக்கை, மறுபடியும் மேலதிகாரி. ஆவணக் காப்பகத்தில் படித்த தாசில்தார் விவகாரம் சட்டப் புத்தகத்தின் புதிய பதிப்பில் அச்சேறியதைப் பார்க்கிற மாதிரி இருந்தது எனக்கு.

இருக்கிற சட்டத்தை வைத்துக்கொண்டே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. கைதான எவரையும் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அரசமைப்புச் சட்டத்தின் 22-வது கூறு. காவல் துறைக்கு வெளியே இருக்கும் ஒருவர், அடிபட்ட உடம்பை முதன்முதலாகப் பார்க்கும் இடம் அது. ஆனால் நடப்பது என்ன? கூட்டி வந்த காவலர் பையனின் தோளை உரசிக்கொண்டு நிற்பார். மேஜையில் ரிமாண்ட் பேப்பர்கள் அடுக்காக இருக்கும். "போலீஸ் அடிச்சாங்களா?" என்று கேட்பார்கள். பையன் தலையை ஆட்டுவான். எந்தப் பக்கம் ஆட்டினான் என்று பார்க்கக்கூட நேரமிருக்காது. "புகார் ஏதும் இல்லை" என்று முத்திரை விழும். ஒரு வருடம் கழித்து நாங்கள் வழக்கு நடத்தும்போது எதிர்த் தரப்பு வக்கீல் தூக்கிக் காட்டுவது அந்த வரியைத்தான்.

ஒரு பெண் மாஜிஸ்திரேட் வேறு மாதிரி செய்வார். ரிமாண்டுக்கு யார் வந்தாலும் காவலர்களை அறைக்கு வெளியே போகச் சொல்லி, கோர்ட் ஊழியர் ஒருவரை மட்டும் வைத்துக்கொள்வார். பையனை உட்காரச் சொல்வார். "சாப்பிட்டியா?" என்று கேட்ட பிறகுதான் அடுத்த கேள்வி. எங்கள் வழக்குப் பையன் ஒருவன் அந்த அறையில் சட்டையைக் கழற்றிக் காட்டினான். இடது தோள்பட்டைக்குக் கீழே நீளவாக்கில் இரண்டு தழும்பு, முழங்கால் இரண்டிலும் கன்றிப்போன வீக்கம். அவர் அதை அளவோடு, தன் கையெழுத்தில், ரிமாண்ட் உத்தரவிலேயே எழுதினார். அரசு ஆஸ்பத்திரியில் காட்டி அறிக்கையை மூடிய உறையில் நேராகக் கோர்ட்டுக்கு அனுப்பச் சொன்னார். ஏ.ஆர். காப்பிக்காக யாரும் வாசலில் நிற்க வேண்டியிருக்கவில்லை. அந்த உத்தரவின் நகலை ஜூனியர்களுக்கெல்லாம் காட்டுகிறேன். ரிமாண்டுக்கு யாருக்காகப் போனாலும், காவலர்களை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்கும்படி முதலில் மெமோ போட்டுவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். சிலர் சம்மதிக்கிறார்கள், சிலர் முகம் சுளிக்கிறார்கள்.

அந்த வழக்கில் ஸ்டேஷனிலிருந்து வந்த அறிக்கை வழக்கம்போல, வண்டியில் ஏறும்போது கால் தடுக்கி விழுந்துவிட்டதாகச் சொன்னது. மாஜிஸ்திரேட்டின் கையெழுத்துக்கு முன்னால் அது எடுபடவில்லை. எஸ்.ஐ. மீது துறை ஒழுங்கு விதிகளின் 3(பி)-யின் கீழ் குற்றச்சாட்டு கொடுக்கப்பட்டது. குடும்பத்துக்கு இழப்பீடு தந்து அவர் சம்பளத்திலிருந்து பிடித்துக்கொள்ள உத்தரவாகியிருக்கிறது. அவர் ரிட் மனு போட்டு இடைக்காலத் தடை வாங்கியிருக்கிறார். எங்கள் எதிர்மனுவைத் தாக்கல் செய்துவிட்டோம். தடையை விலக்கக் கோரும் மனு அடுத்த மாதம் விசாரணைக்கு வருகிறது.